வேஷம் தந்த பெயர்

தமிழ் மேடையில் ஜனங்களைச் சிரிக்க வைத்தவர்களின் பெயர்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிப் பாருங்கள். காளி என். ரத்தினம், சோ ராமசாமி, காத்தாடி ராமமூர்த்தி, மாது பாலாஜி, சீனு மோகன். முன்னால் நிற்கிற சொல் பெற்றோர் வைத்ததுமில்லை, படித்து வாங்கிய பட்டமுமில்லை. எப்போதோ கட்டிய ஒரு வேஷத்தின் பெயர். பகீரதனின் 'தேன்மொழியாள்' நாடகத்தில் சோ என்ற பாத்திரமாக வந்த ராமசாமி, பத்திரிகாசிரியராகி, ராஜ்ய சபைக்கும் போய் வந்த பிறகுகூட, 2016ல் கண்ணை மூடும் வரையில் சோவாகவே இருந்தார். சோ எழுதிய நாடகம் ஒன்றில் காத்தாடி என்ற பெயரோடு மேடை ஏறிய ராமமூர்த்திக்கு அந்தக் காத்தாடி அப்புறம் அறுந்துபோகவே இல்லை.

ரசிகர்கள் ஒரு நடிகரிடம் வைத்த பிரியத்துக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. கைதட்டல் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. பெயர் ரேஷன் கார்டு வரைக்கும் கூட வருகிறது. ஆனால் இந்தப் பிரியத்தில் ஒரு வில்லங்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. வேஷம் மனிதனோடு இப்படி ஒட்டிக்கொண்டால், மனிதன் போன பிறகு வேஷம் என்ன ஆகும்? அதை வேறொருவர் எடுத்துக் கட்ட முடியுமா? முடியாதென்றால் நாடகத்தின் கதி என்ன? ஹாஸ்ய நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வசனத்தைப் பற்றி எழுதுகிறார்கள். சிரிப்பு எத்தனை தடவை வந்தது என்றுகூட எண்ணி எழுதுகிறார்கள். கோஷ்டியில் யார் எந்த வேஷத்தில் நிற்கிறார், அந்த வேஷம் அவரிடமிருந்து எதை வாங்கிக்கொண்டது என்ற கேள்வியை அதிகமாகக் கேட்பதில்லை.

கிரேஸி மோகனின் கோஷ்டியையே எடுத்துக்கொள்கிறேன். சமீப காலத்தில் தமிழர்களை இவ்வளவு நிர்மலமாகச் சிரிக்க வைத்த கோஷ்டி வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த மோகன், 1976ல் எஸ்.வி. சேகரின் நாடகப்ரியாவுக்காகக் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகத்தின் பெயரில் இருந்த கிரேஸி அவர் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது; எழுதுகிறவரைக்கூட இந்த வழக்கம் விட்டுவைக்கவில்லை பாருங்கள். 1979ல் தம்பி பாலாஜியையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கிரேஸி கிரியேஷன்ஸ் என்று சொந்தமாகக் கோஷ்டி கண்டார். அதற்குப் பிறகு 2019 ஜூன் 10ஆம் தேதி அவர் காலமானது வரையில் நாற்பது வருஷம். இந்த நாற்பது வருஷமும் நாடகத்துக்கு நாடகம் கதை மாறும், மாது மாறமாட்டான். சீனு மாறமாட்டான். கதாநாயகி ஜானகியும் மாறமாட்டாள். மாது இன்றைக்குச் சாமியாரிடம் மாட்டிக்கொள்வான், நாளைக்குக் கடன்காரனிடம், எப்படியும் மாட்டிக்கொள்வான். சீனு அவனோடு சேர்ந்து மாட்டிக்கொள்வான். மாதுவாக வந்த பாலாஜி மாது பாலாஜி ஆனார். சீனுவாக வந்த மோகன் சீனு மோகன் ஆனார்.

ஒரு சிறு கோஷ்டிக்கு இதில் உள்ள சௌகரியம் பெரிது. திரை விலகியதும் பாத்திரத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய வேலை இல்லை. சபைக்கு வந்திருக்கிறவர்களுக்கு மாதுவைத் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனைத் தெரிகிற மாதிரி. அவன் உள்ளே வந்து நின்ற மாத்திரத்தில், ஒரு வார்த்தை பேசுமுன்பே, முன் வரிசையில் சிரிப்பு ஆரம்பித்துவிடும். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த பாக்கியம் கிடையாது. அவன் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் ஐம்பது பக்கம், இன்னார் இன்னார் என்று ஆளைக் காட்டிக்கொண்டே மன்றாட வேண்டியிருக்கிறது.

சௌகரியத்துக்கு விலையும் உண்டு. மோகனின் நாடகம் ஒன்றை அச்சில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் இடது ஓரத்தில் இருக்கிற பாத்திரப் பெயர்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். இந்த வசனம் மாதுவினுடையதா, சீனுவினுடையதா, வீட்டுக்கு வந்த மூன்றாம் மனிதருடையதா என்று பல இடங்களில் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே வேகத்தில் சொல்லைப் பிடித்துத் திருப்புகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சிலேடை வருகிறது. மோகன் என்ற ஒருவரே பல வாய்களால் பேசுகிறார். அவருடைய வாய் லேசுப்பட்டதல்ல, தமிழின் சந்து பொந்தெல்லாம் அதற்குத் தெரியும். ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்தது வந்து விழுவதால் பாதியைக் கேட்கத் தவறிவிட்டு, மறுபடி டிக்கட் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. இருந்தாலும் காகிதத்தில் மாதுவும் சீனுவும் இரண்டு ஆட்கள் இல்லை. மேடையில் அவர்களை இரண்டு ஆட்களாக்கியவர்கள் பாலாஜியும் சீனு மோகனும்.

எப்படி ஆக்கினார்கள்? பாலாஜியின் உடம்பில் ஒரு அவசரம் இருக்கிறது. வசனத்தை முடிப்பதற்குள் அடுத்த பொய்க்குப் போய்விட்ட மனிதனின் அவசரம். சீனு மோகன் அதற்கு எதிர்ப்பக்கம். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஹாஸ்ய நாடகத்தில் கேட்டுக்கொண்டிருப்பது சொல்வதைவிடக் கஷ்டமான காரியம். சொல்கிறவனுக்குக் கைதட்டல் உண்டு, கேட்கிறவனுக்கு ஒன்றும் இல்லை; அவன் சரியாகக் கேட்டால்தான் சொன்னவனுக்கே சிரிப்பு வரும். சிரிக்காமல், சிரிப்பு வருகிறது என்று காட்டிக்கொள்ளாமல், தான் கேட்டது நிஜம்தானா என்று ஒரு கணம் யோசிக்கிற அந்த முகம் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. 2016ல் வந்த 'இறைவி' படத்தில் விகடத்துக்கு இடமில்லாத வேஷத்தில் அவரைப் பார்த்தவர்களுக்கு, அந்த முகத்தில் எவ்வளவு கனம் இருந்தது என்பது புரிந்திருக்கும். மேடையில் அந்தக் கனத்தின்மேல் நின்றுகொண்டுதான் மாது குதித்துக்கொண்டிருந்தான். 2018 டிசம்பரில் சீனு மோகன் போனார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, மோகனும் போனார்.

2008ல் அரங்கேறிய 'சாக்லேட் கிருஷ்ணா' நூற்றுக்கணக்கான தடவை நடந்த நாடகம். மாதுவின் சங்கடங்களுக்கு நடுவில் கிருஷ்ண பரமாத்மாவே வந்துவிடுகிற கதை. கிருஷ்ணனாக வந்தவர் கிரேஸி மோகன். எழுதினவரே கடவுளாக வந்து சிக்கலை அவிழ்ப்பதில் ஒரு பொருத்தம் இருந்தது. சபையில் இருந்தவர்கள் அதை ரசித்தார்கள். கிரீடத்துக்குக் கீழே இருப்பது மோகன் என்று தெரிந்ததில்தான் பாதிச் சிரிப்பு. அந்தக் கிரீடத்தை இன்னொருவர் தலையில் வைத்தால் வசனம் அத்தனையும் இருக்கும், அந்தப் பாதி இருக்காது.

'அதனால் என்ன? நாடகம் என்பதே நடிகனோடு போகிறதுதானே?' என்று கேட்கலாம். எல்லா நாடகமும் அப்படிப் போய்விடவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' 1906ஐச் சேர்ந்தது. அதை மேடையில் போட்ட சுகுண விலாச சபையை அவர் 1891ல் தம் நண்பர்களோடு சென்னையில் ஆரம்பித்தார். அதுவும் உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் பொழுது சாய்ந்த பிறகு கூடி ஒத்திகை பார்த்த சபைதான், கூலிக்கு நடித்த கம்பெனி அல்ல. சபை அங்கத்தினர்களின் சுபாவத்தையும் சக்தியையும் பார்த்தே பாத்திரங்களை எழுதியதாக முதலியார் 'நாடக மேடை நினைவுகள்' புத்தகத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். ஆகவே ஆளைப் பார்த்து வேஷம் எழுதுவதில் முதலியாருக்கும் மோகனுக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 'சபாபதி'யில் எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானனுக்குப் பணம் உண்டு, புத்தி மட்டு. வேலைக்காரனுக்கு இரண்டும் இல்லை, ஆனால் சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிற விசுவாசம் உண்டு. ஒருவன் உத்தரவு போடுகிறான், மற்றவன் அந்த உத்தரவின் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறான். சோடாவை உடைத்துக்கொண்டு வா என்றால் புட்டியையே உடைத்துவிடுகிற கட்சி. இதில் கட்டைவிரலால் பெயரை மறைத்தால் ஒன்றும் குடி முழுகாது. மறைக்கவே வேண்டியதில்லை, இரண்டு பெயரும் ஒன்றுதான்! ஆனாலும் யார் பேசுகிறார் என்பதில் ஒரு வரியில்கூடச் சந்தேகம் வராது. சிரிப்பு இந்த ஆளிடமும் இல்லை, அந்த ஆளிடமும் இல்லை, இருவருக்கும் நடுவே இருக்கிற உறவில் இருக்கிறது.

அதனால்தான் முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1941ல், ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதைப் படமாக எடுத்தபோது, சுகுண விலாச சபைக்காரர் ஒருவர்கூட இல்லாமல் அது நின்றது. எஜமானனாக டி.ஆர். ராமச்சந்திரன். வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம், எஜமானனைவிட வயதில் நன்றாக மூத்தவர். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து, கோவலன் நாடகத்தில் காளி வேஷம் கட்டிப் பெயர் வாங்கினவர். உருட்டி விழிக்கிற உக்கிரக் காளியாகப் பெயர் எடுத்த மனிதர், உத்தரவுக்குக் காத்து நிற்கிற அசட்டு வேலைக்காரனாக வந்ததே ஒரு வேடிக்கை. இத்தனைக்கும் சபாபதி என்ற பெயர் அவரிடம் ஒட்டவில்லை. வந்த மாதிரியே போய்விட்டது. நாளைக்கு வேறு இருவர் கட்டினாலும் சபாபதிகள் கிடைப்பார்கள்.

முதலியாருக்கு மோலியேரின் மேல் ஒரு கண் உண்டு. அந்தப் பிரெஞ்சுக்காரரின் ஸ்கேப்பன் நாடகத்தைத்தான் அவர் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆக்கினார். மோலியேரும் ஒரு சிறு கோஷ்டியின் தலைவர், எழுத்தாளர், முக்கிய நடிகர், எல்லாம் அவரே. அவருடைய கோஷ்டியில் லூயி பெஜார் என்பவருக்கு ஒரு கால் ஊனம். நொண்டியை மேடைக்குப் பின்னால் நிறுத்திவிடலாமா என்று மோலியேர் யோசிக்கவில்லை. 1668ல் எழுதிய 'கருமி' நாடகத்தில் வேலைக்காரன் வேஷத்தை அவருக்குக் கொடுத்து, கருமிக் கிழவன் அவனைப் பார்த்து நொண்டி நாய் என்று முணுமுணுப்பதாக ஒரு வசனத்தையும் வைத்துவிட்டார். மோலியேருக்குத் தீராத இருமல் உண்டு. அதே நாடகத்தில் அந்தக் கிழவனாக அவரே வந்தார், கிழவனின் இருமலைப் பற்றியும் வசனம் உண்டு. பெஜார் இரண்டு வருஷத்தில் மேடையை விட்டு விலகினார். அவரது நொண்டல் நாடகத்தில் இருந்துவிட்டது. இன்றைக்கு அந்த வேஷம் போடுகிற நல்ல கால்காரர்கள் கொஞ்சம் நொண்டித்தான் ஆக வேண்டும்!

1673 பிப்ரவரி 17ஆம் தேதி, 'கற்பனை நோயாளி' நாடகத்தின் நான்காவது ஆட்டத்தில், நோயில்லாமல் நோயாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிற கிழவனாக நடித்த மோலியேர், நிஜ நோயாளியாக வீட்டுக்குப் போய் அன்றிரவே இறந்தார். இரண்டு வாரத்தில் அதே நாடகத்தை அதே கோஷ்டி, அந்த வேஷத்துக்கு வேறொருவரைப் போட்டு மறுபடி நடத்தியது. கல்நெஞ்சம் என்று சொல்லலாம். தலைவர் எழுதி வைத்துவிட்டுப் போனது தலைவரில்லாமல் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றும் சொல்லலாம். நடிகனிடமிருந்து எடுத்ததை வசனமாக்கிவிட்டால் அது நாடகத்தின் சொத்து. நடிகனிடமே விட்டுவைத்தால் அவன் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

பாரிஸ் வரைக்கும் போகவேண்டிய அவசியமில்லைதான். நான் இருக்கிற அடி அண்ணாமலைக்கே திரும்பி வருகிறேன். கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே, ஆதி அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றிய ஊர். பௌர்ணமி வந்தால் பதினாலு கிலோமீட்டர் பாதையும் ஜனங்களால் நிறைந்துவிடும். மற்ற நாட்களில் ஆடும் கோழியும்தான். சென்னை சபா நாடகங்களின் காற்று இந்தப் பக்கம் அடிப்பது அபூர்வம். இங்கே ராத்திரி முழுக்கச் சிரிக்க வேண்டுமென்றால் கூத்துக்குத்தான் போக வேண்டும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்து ஜமாவில் பன்னிரண்டு பதினைந்து பேர் இருப்பார்கள். பாரதத்திலோ ஜனத்தொகை அதிகம். இந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறவன் கட்டியக்காரன். ராஜா வருமுன் அவன் வருவான். திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவை, 'யாரய்யா நீர்?' என்று கேட்பான். அவனே வாயில்காப்போன், அவனே தூதன், அவனே மந்திரி, சமயத்தில் தோழியும் அவனே. குல்லாயும் சாயம் பூசின முகமும்தான் அவன் ஆஸ்தி. துரியோதனனுக்கு இருக்கிற புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கிரீடமும் அவனுக்குக் கிடையாது.

அவனுக்குப் பெயரும் கிடையாது. இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கட்டியக்காரன் என்பது உத்தியோகத்தின் பெயர். அந்த வேஷம் கட்டுகிறவரை ஊர் ஜனங்கள் அவர் பெயரால் தெரிந்துகொண்டிருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். சிரிப்புக்கு அது அவசியமில்லை. இந்தப் பக்கத்தில் நான் பார்த்த துகில் கூத்து ஒன்றில், வழக்கமாகக் கட்டியக்காரனாக வருகிறவருக்கு உடம்பு சரியில்லை. பின்பாட்டுக்காரர்களில் ஓர் இளைஞனுக்கு முகம் எழுதி இறக்கிவிட்டார்கள். முதல் அரைமணிக்குப் பையன் திணறினான். பௌர்ணமிக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவனைப் பற்றியும், ஆட்டோக்காரன் கேட்ட சத்தத்தைப் பற்றியும் ஏதோ சொன்னான், சிரிப்பு அரைகுறையாக வந்தது. ஆனால் துரியோதனனுக்கு எதிரில் போய் நின்றதும் வேஷம் அவனைத் தூக்கிக்கொண்டது. ராஜா உறுமினால் கட்டியக்காரன் பயப்பட வேண்டும், பயந்துகொண்டே எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். அந்த உறவு அவனுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது. பெரியவர் செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்து, கற்பூரம் ஏற்றி, துகிலில் கை வைக்கிற நேரத்தில், அதுவரை விகடம் பண்ணிக்கொண்டிருந்தவன் வாயடைத்து ஓர் ஓரத்தில் நின்றான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி துரியோதனனைப் பார்க்கவில்லை, அந்தப் பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதே ஜில்லாவில் செய்யாறு பக்கம் புரிசை என்றொரு கிராமம். தம்பிரான்கள் என்ற கூத்துக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடி வருகிறது. நடேசத் தம்பிரானிடம் ந. முத்துசாமி போன்ற நவீன நாடகக்காரர்கள் வந்து பாடம் கேட்டார்கள். கண்ணப்பத் தம்பிரான் 2003ல் காலமானார், ஜமா நிற்கவில்லை. தெற்கே மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ஜமா என்றே ஒன்று இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூனும் டான்ஸும் வேறு வேறு இடத்திலிருந்து. அன்றிரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விடிய விடிய நடக்கும்.

இதைச் சொல்வதனால் கூத்து உயர்ந்தது, சபா நாடகம் மட்டம் என்று நான் தீர்ப்புச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூத்துக்காரர் யாருக்கும் வராத சொல்வளம் மோகனுக்கு வந்தது. சபாபதிகளில் இல்லாத வேகம் மாதுவிடம் இருந்தது. ஒரு குடும்பம் மாதிரி நாற்பது வருஷம் ஒரு கோஷ்டி சேர்ந்தே இருந்தது நம் நாட்டில் சாமானியமான விஷயமல்ல. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகையை ஒரு வருஷம் நடத்த முடியாத ஊர் இது.

ஆனால் குடும்பம் என்று சொன்னதும் ஜானகி ஞாபகத்துக்கு வருகிறாள். நாடகந்தோறும் அவள் பெயர் ஜானகி. தமக்கு ஆசிரியையாக இருந்த ஓர் அம்மாளின் நினைவாக மோகன் வைத்த பெயர். மரியாதையான காரியம். வேஷத்தில்தான் மரியாதை போதவில்லை. மாதுவின் பொய்யை நம்பவும், நம்பாமல் கோபித்துக்கொள்ளவும், கடைசியில் சமாதானமாகவும் மட்டுமே அவளுக்கு அனேகமாக வேலை. மாது வேஷம் பாலாஜிக்குப் பெயர் கொடுத்தது, சீனு வேஷம் மோகனுக்குப் பெயர் கொடுத்தது. நாற்பது வருஷத்தில் ஜானகியாக வந்த நடிகைகளில் ஒருவரையாவது ஜனங்கள் 'ஜானகி' இன்னார் என்று கூப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை. வேஷத்தில் ஒட்டிக்கொள்ள இடமில்லை, ஆகவே ஒட்டவில்லை. ஆள் மாறினாலும் நாடகம் நடந்தது. கட்டியக்காரனுக்கு ஆள் மாறுவதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே வேஷம் நிறைந்திருந்ததால் ஆள் மாற முடிந்தது, இங்கே காலியாக இருந்ததால் மாற முடிந்தது. மோகனின் பேனாவுக்கு ஜானகியைப் பேச வைக்கத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். சிலேடைக்குச் சிலேடை திருப்பிக் கொடுக்கிற ஜானகி ஒருத்தி, நாடகம் முழுக்க நிற்கிற மாதிரி அமைந்திருந்தால், நமக்கு ஒரு ஹாஸ்ய நடிகை கிடைத்திருப்பாள். தமிழ் மேடைக்கு அது பெரிய குறை.

மாதுவும் சீனுவும் இனி என்ன ஆவார்கள் என்பதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. இந்த நாடகங்களை வெளி ஆட்கள் போட வேண்டும். பாலாஜியைப் பார்த்தே இராத, திருவண்ணாமலையிலோ திருநெல்வேலியிலோ உள்ள கல்லூரிப் பிள்ளைகள், உரிமை உள்ளவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, 'சாக்லேட் கிருஷ்ணா'வை எடுத்துப் போடட்டும். மாதுவை நிதானமாகப் பேசுகிறவன் ஒருவன் கட்டட்டும், சீனுவைப் பெண்பிள்ளை ஒருத்தி கட்டினாலும் சரி. வசனத்தில் இருந்த சிரிப்பெல்லாம் அப்படியே வந்துவிடும். சில இடங்களில் வராது; சபை சும்மா உட்கார்ந்திருக்கும். ஒத்திகை நடத்துகிறவர் அந்த இடங்களைப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். சீனு மோகன் அங்கே என்னவோ செய்துகொண்டிருந்திருக்கிறார்.